இன்னும் இல்லை

பொறுமையைப் பற்றிப் பேசுவது எளிது. பொறுமையோடு பேசுவது அரிது. இவ்வுண்மையை நான் வகுப்பறையில் கற்கவில்லை; ஆலயத்திலும் கற்கவில்லை. ஈசூனில், எங்கள் அடுக்குமாடி வீட்டின் கூடத்தில், என் தாயாரின் நாற்காலிக்கு அருகே நின்று கற்றேன். கற்ற விதம் எனக்குப் பெருமை தருவதன்று. ஆயினும், தமிழ் கற்பிப்போரும் கற்போரும் படிக்கும் இத்தொகுப்பில் அதனை எழுதிவைப்பது என் கடமை என்று எண்ணுகிறேன். ஏனெனில் நானும் ஓர் ஆசிரியன்.

முப்பத்தோர் ஆண்டுகள் தமிழ் கற்பித்தவன் நான். திருக்குறளின் 16ஆம் அதிகாரமாகிய பொறையுடைமையை எத்தனை வகுப்புகளுக்கு நடத்தியிருப்பேன் என்பதற்குக் கணக்கில்லை. தன்னைத் தோண்டுவோரையும் வீழவிடாமல் தாங்குகின்ற நிலத்தை வள்ளுவர் உவமையாக்கிய நயத்தை விரித்துரைப்பேன். ‘பொறை’ என்னும் சொல்லுக்குச் சுமை என்பதும் ஒரு பொருள், பொறுமை என்பதும் ஒரு பொருள் என்று காட்டி, ‘சுமக்கத் தெரிந்தவனே பொறுக்கத் தெரிந்தவன்’ என்று பாடத்தை முடிப்பேன். மாணவர்கள் அதனைக் குறித்துக்கொள்வார்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் தேக்கா வட்டாரத்தை அடுத்த டார்செட் சாலையிலுள்ள கிறிஸ்து ஆலயத்திற்குத் தமிழ் வழிபாட்டிற்குச் செல்வோம். ஆவியின் கனிகள் ஒன்பதனையும் வரிசை பிறழாமல் ஒப்பிப்பேன். அவற்றுள் நான்காவது நீடிய பொறுமை. இத்தனையும் அறிந்த நான், என் தாய் கேட்ட ஒரு சிறு கேள்விக்குப் பதில் சொல்லும் பொறுமையின்றி, 2017ஆம் ஆண்டில் ஒரு மாலைப்பொழுதில் கூச்சலிட்டேன்.

அந்தக் கேள்வி புரிய வேண்டுமானால் எங்கள் குடும்பத்தின் பழைய கதையைச் சிறிது சொல்ல வேண்டும்.

என் தந்தையார் திருநெல்வேலிச் சீமையிலிருந்து கப்பலேறி வந்து, செம்பவாங்கிலிருந்த பிரிட்டிஷ் கடற்படைத் தளத்தில் வேலைக்கு அமர்ந்தவர். தமிழரும் மலையாளிகளுமாகிய தொழிலாளர் பலர் அத்தளத்தின் குடியிருப்புகளிலேயே குடும்பத்தோடு வாழ்ந்த காலம் அது. மாலையில் வேலை முடிந்ததற்கு அடையாளமாகச் சங்கு ஊதும். சங்கொலி கேட்டதும் என் தாயார் தேநீருக்கு அடுப்பில் தண்ணீர் வைப்பார். தண்ணீர் கொதிக்கும் நேரத்தில் தந்தையாரின் மிதிவண்டி வாசலில் வந்து நிற்கும். 1968 டிசம்பரில் தளத்தின் கப்பல் பட்டறை சிங்கப்பூர் அரசின் பொறுப்புக்கு வந்தது. 1971இல் பிரிட்டிஷ் படைகள் விடைபெற்றன. முதலாளி மாறினாலும் தந்தையாரின் வேலை மாறவில்லை. அம்மாவின் அடுப்பும் சங்குக்குக் காத்திருப்பதை விடவில்லை. 1984இல் ஈசூன் புதுநகரில் வீவக வீடு கிடைத்துக் குடிபெயர்ந்தோம். 1996இல் தந்தையார் காலமானார்.

என் தாயார் கடைசிவரை எங்கள் ஊரை ‘நீசூன்’ என்றே சொன்னார். ‘ஈசூன் என்று சொல்லுங்கள், அம்மா’ என்று நான் திருத்துவேன். உண்மையில் இரண்டும் ஒரே பெயர்தான். அன்னாசி, ரப்பர்த் தோட்டங்களுக்கு உரிமையாளராக இருந்த லிம் நீ சூன் (1879-1936) என்பவரின் பெயரே ஊருக்கு ஆயிற்று. அப்பெயரின் சீன எழுத்துகளை அவருடைய வட்டாரமொழியில் படித்தால் ‘நீ சூன்’. மாண்டரினில் படித்தால் ‘ஈசூன்’. இன்றும் எங்கள் தேர்தல் தொகுதிக்கு நீ சூன் என்றே பெயர். அவர் சொன்னதில் பிழையேதும் இல்லை, ஆயினும் திருத்தினேன். பிழையில்லாததையும் திருத்துகின்ற அந்தக் கை, பின்னர் வரப்போகும் பெரிய பொறுமையின்மைக்கு முன்னறிவிப்பாக இருந்தது என்று இப்பொழுது தோன்றுகிறது.

2014ஆம் ஆண்டளவில் தாயாருக்கு முதுமை மறதிநோய் கண்டது. முதலில் நேற்றைய செய்திகள் மறைந்தன. பிறகு சென்ற ஆண்டு மறைந்தது. பிறகு இருபது, முப்பது ஆண்டுகள் ஒருசேர மறைந்தன. மறைந்த ஆண்டுகளுக்கு அப்பால் கடற்படைத் தளத்துக் குடியிருப்பு மட்டும் அழியாமல் நின்றது. மாலை ஐந்து மணியானால் அவர் என்னைப் பார்த்துக் கேட்பார்:

“சங்கு ஊதியாச்சா, ஐயா? அப்பா வந்தாச்சா?”

நான் உண்மையைச் சொன்னேன். “அப்பா இறந்து இருபது வருஷம் ஆச்சு, அம்மா. மறந்துட்டீங்களா?” என்றேன். அவர் முகம் அப்படியே உறைந்துவிடும். அச்செய்தியை அவர் அப்பொழுதுதான் முதன்முறையாகக் கேட்கிறார். சற்று நேரம் விம்மி அழுவார். பத்து நிமிடங்களில் அழுகையும் மறந்துபோகும். அழுகைக்குரிய காரணமும் மறந்துபோகும். கேள்வி மட்டும் திரும்பி வரும். நானும் அதே உண்மையைத் திரும்பச் சொல்வேன். ஒரே மாலையில் ஒரு பெண்ணை நான்கு முறை, ஐந்து முறை விதவையாக்கினேன். உண்மை பேசுகிறோம் என்ற மனநிறைவு எனக்கு இருந்தது.

மெல்ல மெல்ல நான் எண்ணத் தொடங்கினேன். ‘இது ஆறாம் முறை’, ‘இது ஒன்பதாம் முறை’ என்று என் மனம் வரவு வைத்தது. இயேசு பெருமானிடம் பேதுரு கேட்ட கேள்வி நினைவுக்கு வரும். தன் சகோதரன் குற்றம் செய்தால் எத்தனை முறை மன்னிக்க வேண்டும், ஏழு முறை போதுமா என்று கேட்டார் அவர். ஏழெழுபது முறை என்று விடை கிடைத்தது. ஏழெழுபது என்றால் 490. என் தாயாரின் கேள்வியை நாளொன்றுக்கு இருபதாகக் கணக்கிட்டால் இருபத்தைந்தாம் நாளிலேயே அந்தத் தொகை தீர்ந்துவிடும்! எண்ணத் தொடங்கியவனுக்கு எவ்வளவு பெரிய எண்ணும் போதாது. எண்ணாதே என்பதுதான் அவ்விடையின் பொருள் என்பதைப் பலமுறை படித்திருந்தும் நான் உணரவில்லை.

அன்று மாலை பத்தொன்பதாம் முறை கேள்வி வந்தபோது என் குரல் வெடித்தது. “செத்துப்போனவர் எப்படி வருவார்? எத்தனை தடவை சொல்வது?” என்று கத்தினேன். அம்மா அழவில்லை. அயலானைப் பார்ப்பதுபோல் என்னைப் பார்த்தார். பிறகு தலையைக் குனிந்துகொண்டார். நான் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன். அரைமணி நேரம் கழித்து வெளியே வந்தபோது வாசற்கதவு திறந்திருந்தது. நாற்காலியில் அவர் இல்லை.

அடுத்த ஒன்றரை மணி நேரத்தை விரித்து எழுத எனக்கு மனமில்லை. பேருந்து நிறுத்தம், விளையாட்டுத் திடல், எதிர்ப்புளோக்கு என்று ஓடினேன். இறுதியில் இரண்டு புளோக்குகள் தள்ளி, கீழ்த்தளத்தில் இருந்த ஒரு சிறு மளிகைக்கடையின் வாசலில் அவரைக் கண்டேன். கடைக்காரர் எழுபது வயதைத் தாண்டிய சீனர். தம் நாற்காலியை அம்மாவுக்குக் கொடுத்துவிட்டு, ஒரு பெட்டியின் மேல் அமர்ந்து வெங்காயம் பொறுக்கிக்கொண்டிருந்தார். அம்மாவின் கையில் ஒரு ரொட்டித் துண்டு இருந்தது.

நான் அணுகியபொழுது அம்மா அவரிடம் பழைய பசார் மலாயில் கேட்டுக்கொண்டிருந்தார்: தம் கணவர் வேலை முடிந்து திரும்பிவிட்டாரா? கடைக்காரர் வெங்காயத்திலிருந்து கண்ணை எடுத்து, சாலையை ஒருமுறை உண்மையாகவே எட்டிப் பார்த்துவிட்டு, “பெலும்” என்றார். அம்மா தலையசைத்தார், ரொட்டியைக் கடித்தார். சிறிது நேரத்தில் மீண்டும் கேட்டார். அவர் மீண்டும் சாலையை எட்டிப் பார்த்தார். “பெலும், பெலும்” என்றார். முதன்முறை சொன்னபோது இருந்த அதே குரல், அதே முகம். ஒரு மணி நேரத்துக்கும் மேலாக இப்படியே சொல்லிக்கொண்டிருந்தாராம்.

மலாய்மொழி அறிந்தவர்களுக்கு இச்சொல்லின் அருமை தெரியும். மலாயில் ‘இல்லை’ என்பதற்குத் ‘தீடாக்’ என்னும் சொல் உண்டு. ‘பெலும்’ என்பது வேறு. அதற்கு ‘இன்னும் இல்லை’ என்று பொருள். மணமாகாத ஒருவரை ‘மணமாகிவிட்டதா?’ என்று வினவினால், வயது அறுபதே ஆனாலும், ‘பெலும்’ என்று சொல்வதே அம்மொழியின் மரபு. ‘இல்லை’ என்பது கதவைச் சாத்துகிறது; ‘இன்னும் இல்லை’ என்பது கதவைத் திறந்தே வைக்கிறது. நான் என் தாயாருக்கு முன் நாள்தோறும் சாத்திய கதவை, முன்பின் அறியாத ஒருவர், ஒரே ஒரு சொல்லால் திறந்து வைத்திருந்தார். அவர் எந்தச் சமயத்தவர் என்று நான் கேட்கவில்லை. மறதிநோயாளரோடு பழகும் பயிற்சி எதுவும் பெற்றவரா என்றும் கேட்கவில்லை. நன்றி சொல்லக்கூட எனக்குச் சொல் எழவில்லை. இரு கைகளையும் பற்றிக்கொண்டேன். அவர் சிரித்துவிட்டு, ரொட்டிக்குக் காசு வாங்க மறுத்தார்.

மறுநாள் மாலை கேள்வி வந்தது. “சங்கு ஊதியாச்சா, ஐயா?” நானும் சன்னல் வழியே சாலையை ஒருமுறை எட்டிப் பார்த்தேன். “இன்னும் இல்லை, அம்மா” என்றேன். அவர் அமைதியாக, “சரி, அப்போ கொஞ்சம் பொறுத்துத் தண்ணி வைக்கிறேன்” என்றார்.

‘கொஞ்சம் பொறுத்து.’ முப்பத்தோர் ஆண்டுகள் நான் கற்பித்த சொல் அது! பொறை என்றால் சுமை என்று கற்பித்தேன். பொறுத்து என்றால் ‘சற்று நேரம் கழித்து’ என்று பொருள்படுவதையும், ‘சற்றே பொறு’ என்றால் ‘காத்திரு’ என்பதே கருத்து என்பதையும் நான் ஒருநாளும் எண்ணிப் பார்த்ததில்லை. நம் மொழியில் பொறுத்தல் என்னும் சொல்லுக்குள் பாரமும் இருக்கிறது, காலமும் இருக்கிறது. பாரத்தை மட்டும் கண்டவன் பல்லைக் கடித்துக்கொண்டு சுமப்பான். எத்தனை நாள் சுமந்தோம் என்று எண்ணுவான். ஒருநாள் கீழே போட்டுவிடுவான். காலத்தையும் கண்டவனோ மற்றவருக்குக் காலம் தருவான். முன்னதைச் சகிப்பு எனலாம். பின்னதுதான் பொறுமை.

தமிழ் வேதாகமத்தை மொழிபெயர்த்தோர் ‘பொறுமை’ என்று மட்டும் சொல்லாமல், சில இடங்களில் ‘நீடிய’ என்னும் அடைமொழியைச் சேர்த்தமைக்குரிய காரணமும் அப்பொழுது விளங்கிற்று. புதிய ஏற்பாட்டின் கிரேக்க மூலத்தில் இரு சொற்கள் உள்ளன. துன்பத்தின்கீழ் நிலைகுலையாமல் நிற்பது ‘ஹுப்பொமொனே’. ‘மக்ரொத்துமியா’ என்பதோ பெரும்பாலும் மனிதர்பால் காட்டும் பொறுமை; நீளம் என்னும் சொல்லும் சினம் என்னும் சொல்லும் கூடிப் பிறந்தது; சினம் எழுவதற்கு நெடுநேரம் ஆகும் இயல்பு என்று விரிக்கலாம். பழைய ஏற்பாட்டின் எபிரேய வழக்கு இன்னும் சுவையானது. அம்மொழியில் மூக்குக்கும் சினத்துக்கும் ஒரே சொல். எளிதில் சினம் கொள்ளாத இறைவனை ‘நீண்ட மூக்குடையவன்’ என்று கூறுவது அவர்கள் மரபு. மூச்சு சூடேறி வெளிவர நெடுந்தொலைவு செல்ல வேண்டும் என்பது அதன் குறிப்பு. என் மூச்சோ பத்தொன்பது கேள்விகளுக்குள் சூடேறிவிட்டது.

இவ்விடத்தில் என்னைப் பற்றிய ஒன்றையும் நான் மறைக்கக்கூடாது. சிறுவயதில் எனக்குத் திக்குவாய். ‘க’கரமும் ‘ப’கரமும் வாயில் வந்து சிக்கிக்கொள்ளும். முதலாம் வகுப்பில் என் பெயரைச் சொல்ல நான் திணறியபோது, ‘இவனுக்குப் பேச்சு வராது, உட்கார்’ என்று தீர்ப்புச் சொன்னார் ஓர் ஆசிரியர். வீட்டில் அண்டை அயலார் என் சொல்லைத் தாமே முடித்துக் கொடுப்பார்கள். அன்பினால்தான் அப்படிச் செய்தார்கள். என் தாயார் ஒருவரே ஒருபொழுதும் என் சொல்லை முடித்துக் கொடுத்ததில்லை. ‘தண்ணீர்’ என்பதன் கடைசி எழுத்து வரும்வரை, குவளையைக் கையில் வைத்துக்கொண்டு என் கண்ணைப் பார்த்தபடி நிற்பார். அடுப்பில் பால் பொங்கினாலும் நிற்பார். அவர் முகத்தில் இரக்கம் இராது, அவசரமும் இராது. நான் சொல்லி முடிப்பேன் என்பதில் அவருக்கு ஐயமே இல்லாததுபோல் இருக்கும். ஆசிரியர் ‘வராது’ என்றார். அம்மா, வாய்திறந்து சொல்லாவிடினும், ‘இன்னும் வரவில்லை’ என்று நம்பினார். அப்படி அவர் தந்த காலத்தில்தான் என் நாக்கு திருந்திற்று. அந்த நாவைக்கொண்டுதான் பின்னாளில் முப்பத்தோர் ஆண்டுகள் பேசிப் பிழைத்தேன். அதே நாவால்தான் அவரைப் பார்த்துக் கத்தினேன்.

பேதுருவின் கேள்விக்கு விடையளித்த இயேசு பெருமான், அடுத்து ஒரு கதையைச் சொல்கிறார். அரசனிடம் 10,000 தாலந்து கடன்பட்ட ஒருவன், ‘பொறுத்துக்கொள்ளும், தந்துவிடுகிறேன்’ என்று காலில் விழுகிறான். அரசன் மனமிரங்கிக் கடன் முழுவதையும் விட்டுவிடுகிறான். வெளியே வந்தவன், தனக்கு 100 தெனாரியம் தரவேண்டிய உடன்வேலைக்காரன் ஒருவனின் கழுத்தைப் பிடிக்கிறான். அவனும் ஏறத்தாழ அதே சொற்களால் பொறுத்துக்கொள்ளுமாறு கெஞ்சுகிறான். கேட்டவன் இணங்கவில்லை. ஒரு தெனாரியம் என்பது ஒருநாட் கூலி. ஒரு தாலந்து என்பது ஏறத்தாழ 6,000 தெனாரியம். ஆகவே ஒருவன் பட்ட கடன் நூறு நாட் கூலி. மற்றவன் பட்ட கடன் ஆறு கோடி நாட் கூலி. இரண்டுக்கும் உள்ள விகிதம் ஒன்றுக்கு ஆறு இலட்சம். இக்கதையில் இருவரும் கேட்டது ஒன்றுதான்: ‘கடனைத் தள்ளிவிடு’ என்று இருவரும் கேட்கவில்லை, ‘காலம் தா’ என்றே கேட்டார்கள். ‘இல்லை என்று சொல்லவில்லை, இன்னும் இல்லை என்கிறேன்’ என்பதே அவர்கள் வேண்டுகோள். கழுத்தைப் பிடித்தவன் செய்த குற்றம், கொடுமை மட்டுமன்று, மறதியும் ஆகும். தான் பெற்ற பொறுமையை வாசற்படி தாண்டுவதற்குள் அவன் மறந்துவிட்டான். எங்கள் வீட்டில் மறதிநோய் யாருக்கு இருந்தது என்று நான் என்னையே கேட்டுக்கொண்டேன்.

கிறிஸ்தவ நெறியில் பொறுமை என்பது வலியவர் எளியவருக்கு இடும் பிச்சையன்று. பெற்ற கடனைத் திருப்பித் தருவதே அது. இறைவன் நமக்குக் காலம் தந்திருக்கிறான், பெற்றோர் தந்தார்கள், ஆசிரியர் சிலர் தந்தார்கள். அதனை நாம் பிறருக்குத் தருகிறோம். இதில் பெருமைப்பட இடமில்லை.

‘இறந்தவரை இன்னும் வரவில்லை என்று சொல்வது பொய்யன்றோ?’ என்று அன்பர் ஒருவர் கேட்டார். கேட்கத்தக்க கேள்விதான். நானும் அதனைப் பல இரவுகள் எண்ணிப் பார்த்தேன். மரித்தோரின் உயிர்த்தெழுதலை எதிர்நோக்குகிறோம் என்று நெடுங்காலமாக விசுவாச அறிக்கை செய்துவருகிற சபையைச் சேர்ந்தவன் நான். அவ்வறிக்கையை மனப்பூர்வமாகச் சொல்கிறவன், தன் தாயும் தந்தையும் சந்திக்கும் நாளைக் குறித்து ‘இல்லை’ என்று சொல்வதா பொருத்தம்? ‘இன்னும் இல்லை’ என்று சொல்வதா பொருத்தம்? என் தாயார் என் சொல்லை ஒரு பொருளில் ஏற்றார். நான் அதனை மற்றொரு பொருளில் சொன்னேன் என்பது உண்மையே. ஆயினும் அச்சொல் என் மனச்சான்றை உறுத்தவில்லை. கத்திச் சொன்ன உண்மைதான் இன்றளவும் உறுத்துகிறது.

பொறுமை என்பது தீமைக்கு உடன்படுதல் என்று எவரும் கொள்ள வேண்டா. எளியவனை ஒருவன் வருத்துவதைக் கண்டு வாளாவிருப்பது பொறுமையாகாது. அஞ்சாமை இன்மையே அது. தன் வலிமை இவ்வளவுதான் என்று அறிந்து பிறர் உதவியை நாடுவதும் பொறுமையின்மை ஆகாது. நான் தனியே சுமக்க முயன்றதும் ஒருவகைச் செருக்கே. அம்மாவை வாரத்தில் மூன்று நாள் பகல்நேரப் பராமரிப்பு நிலையத்தில் விட்டபிறகு, மற்ற நாட்களில் அவரோடு அமர்ந்திருக்க எனக்கு மூச்சு கிடைத்தது. 60 வயதைக் கடந்தோருள் பத்தில் ஒருவருக்கு இந்நோய் உள்ளது என்று மனநலக் கழகத்தின் தலைமையில் நடந்து 2015இல் வெளியான ஆய்வு கண்டது. 2016ஆம் ஆண்டில், கூ தெக் புவாட் மருத்துவமனை முதலிய அமைப்புகளின் முயற்சியால், மறதிநோயாளரை அரவணைக்கும் சமூகமாக உருவாக்கப்பட்ட முதல் வட்டாரம் எங்கள் ஈசூனே. கடைக்காரர்கள், மாணவர்கள், அண்டைவீட்டார் எனப் பலருக்கும், வழிதவறி நிற்கும் முதியவரோடு எப்படிப் பேசுவது என்று கற்பிக்கப்பட்டது. அவர்களை மறுத்து வாதாடாதீர்கள், விரைவுபடுத்தாதீர்கள் என்பவையே மறதிநோயாளரோடு பழகுவோருக்கு வல்லுநர்கள் கூறும் முதற்பாடங்கள். ஓர் ஊரே சேர்ந்து கற்க வேண்டிய பாடமாகப் பொறுமை ஆகிவிட்டது என்பது மகிழ்ச்சிக்குரியதே.

அதன்பின் என் தாயார் மூன்றாண்டுகள் வாழ்ந்தார். நான் ஒருபோதும் சலிப்படையவில்லை என்று சொன்னால் பொய்யாகும். சலிப்பு வந்தது, முகத்தைத் திருப்பிக்கொண்ட நாட்களும் உண்டு. ஆனால் எண்ணுவதை விட்டுவிட்டேன். ஆலயத்திற்குச் செல்லும்போது டோபி காட் நிலையத்தில் ரயில் மாறும் நீண்ட நடையில், அவர் பத்தடிக்கு ஒருமுறை நிற்பார். நானும் நிற்பேன். வழிபாட்டுக்குப் பிந்திச் சேர்வோம். எவரும் எங்களைக் கடிந்துகொண்டதில்லை.

கடைசி ஆண்டில் அவருக்குச் சொற்கள் சிக்கத் தொடங்கின. ‘தண்ணீர்’ என்று சொல்ல வாயெடுப்பார், முதலெழுத்தோடு நின்றுவிடும். எனக்கு அவர் கேட்பது இன்னதென்று தெரியும். குவளையைக் கையில் வைத்துக்கொண்டு, அவர் கண்ணைப் பார்த்தபடி, அவர் சொல்லி முடிக்கும்வரை நின்றேன்.

ஆசிரியப் பெருமக்களுக்கும் மாணவ நண்பர்களுக்கும் நான் சொல்ல விரும்புவது ஒன்றே. வீட்டில் தமிழ் பேசாத பிள்ளைகள் பலர் நம் வகுப்புகளில் அமர்ந்திருக்கிறார்கள். ஒரு வாக்கியத்தைத் தொடங்கிவிட்டு முடிக்க முடியாமல் அவர்கள் நிற்கும் நேரம் உண்டு. அந்த நேரத்தில் ‘இவனுக்குத் தமிழ் வராது’ என்று தீர்ப்பெழுதுவது எளிது. வாக்கியத்தை நாமே முடித்துவிட்டு அடுத்த பாடத்துக்குப் போவது அதனினும் எளிது. அவ்விரண்டையும் செய்யாமல், சற்றுப் பொறுங்கள். அப்பிள்ளைக்குத் தமிழ் இன்னும் வரவில்லை, அவ்வளவுதான்.